கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கடலுக்கடியில் புகைப்படக் கலை' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது. சென்ற ஆண்டு இதே கூடலில் பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில், இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கம். அப்பா சங்கு குளிப்பவர். "சார், தண்ணிக்குள்ள படம் எடுக்கணும். எந்த கேமரா வாங்கட்டும்? அம்மா செயினை அடகு வச்சு வாங்கித் தர்றேன்னு அப்பா சொல்லிட்டாங்க" என்றார். அடகு என்றதும் எனக்குப் பகீரென்றது. "அவசரப்படாதீங்க தம்பி, யோசிச்சு எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவே இல்லை. அந்தக் கடிதத்தைத்தான் இன்று வாய்மொழியாகச் சொல்லப் போகிறேன். எனக்கு ஏன் பகீரென்றது என்பதும் நடுவில் வரும்.

பதிலின் சுருக்கம் இதுதான்: முதலில் உடம்பு, அடுத்து வெளிச்சம், அதற்கடுத்து உறை. கேமரா கடைசி.

1990களில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தேன். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே என் கையில் கொடுத்தது நிக்கோனோஸ்-5 என்ற ஃபிலிம் கேமரா. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவுக்காக உருவான கலிப்ஸோ கேமராவின் வாரிசு அது. நிக்கான் நிறுவனம் 1963-ல் நிக்கோனோஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கி, 2001-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. உறையே தேவையில்லை, கேமராவே நீர் புகாதது. ஆனால் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக் கையால் திருக வேண்டும். ஒரு ரோலில் 36 படம். தண்ணீருக்குள் ரோல் மாற்ற முடியாது.

என் முதல் ரோலைக் கழுவி வாங்கியபோது 36-ல் 2 தேறியது. மற்றதெல்லாம் நீல மூட்டம். கேமராவைக் குறை சொன்னேன். உண்மையில் நான் தண்ணீரைப் புரிந்துகொள்ளவில்லை.

தண்ணீர் மூன்று வேலை செய்கிறது. முதலாவது, நிறத்தை விழுங்குகிறது. சிவப்பு ஏறக்குறைய 5 மீட்டரிலேயே பெரும்பாலும் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அதற்குப் பின் மஞ்சள். மேலிருந்து கீழே வரும் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. பொருளிலிருந்து கேமரா வரை உள்ள தண்ணீரும் விழுங்கும். இரண்டாவது, கண்ணை ஏமாற்றுகிறது. ஒளி விலகலால் பொருள்கள் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். பக்கத்தில்தானே என்று கை நீட்டினால் எட்டாது. மூன்றாவது, தண்ணீரில் மிதக்கும் தூசு. நம் கடலில் காற்று வீசினால் கலங்கல்தான்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. கிட்டப் போங்கள். ஜூம் செய்தால் மீன் பெரிதாகும், இடையில் உள்ள தண்ணீர் குறையாது. ஒரு மீட்டருக்குள் போக முடியாத மீனைப் படம் எடுக்காமல் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடலாம்.

கிட்டப் போக வேண்டுமென்றால் உடம்பு அடங்க வேண்டும். அதனால்தான் உடம்பு முதலில் என்றேன். பிராணவாயு உருளையோடு முறையாக மூழ்கப் பழகி, 18 மீட்டர் வரை செல்லும் தொடக்கச் சான்றிதழ் வாங்குங்கள். (உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு அல்ல, அழுத்திய சாதாரணக் காற்றுதான், பழக்கத்தில் அப்படிச் சொல்கிறோம்.) அதற்குப் பின்னும் கேமரா இல்லாமல் பல முறை இறங்குங்கள். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், கை ஆட்டாமல், மூச்சாலேயே ஒரே இடத்தில் மிதக்க வர வேண்டும். இந்த முறை ஊருக்கு வந்தபோது அந்தத் தம்பியின் அப்பாவைச் சந்தித்தேன். "தண்ணிக்குள்ள மொதல்ல கண்ணு பழகணும் சார், பெறவுதான் கை" என்றார். நான் பத்து வருடத்தில் கற்றதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இது தெரியாமல் நான் செய்த பாவம் ஒன்று உண்டு. ஒரு கடல்குதிரையைப் படம் எடுக்கும் ஆசையில் உடம்பைத் தாங்க முடியாமல் துடுப்புக் காலை ஊன்றினேன். கிளைப் பவளம் ஒன்று முறிந்தது. தண்ணீருக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டது. படம் நன்றாகவே வந்தது. இந்த மலருக்குப் படம் கேட்டார்கள், அதைக் கொடுக்கவில்லை. பவளமும் கடல்குதிரையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. பூங்கா எல்லைக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், நாம் படித்த பாடத்துக்கே அது துரோகம்.

அடுத்து வெளிச்சம். கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கை இதற்கு ஒதுக்குங்கள். போன சிவப்பைத் திரும்பக் கொண்டு வருவது விளக்குதான். மேலோட்டமான தண்ணீரில் வெயில் நன்றாக இருந்தால், கேமராவில் வெள்ளைச் சமநிலையை அந்த ஆழத்திலேயே கையால் அமைத்துச் சமாளிக்கலாம். படத்தை 'ரா' கோப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் ஆழம் போனால் ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷ் வேண்டும். அதைக் கேமராவோடு ஒட்டி வைக்காதீர்கள். மார்கழிப் பனியில் காரின் ஹைபீம் போட்டால் சாலை தெரியாமல் பனிதானே தெரியும்? அதே கதைதான். லென்ஸுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் அடித்தால் தூசெல்லாம் பனி விழுவது போல் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். நீண்ட கைப்பிடியில் பக்கவாட்டில் தள்ளி வைத்து, ஒளியின் ஓரம் மட்டும் பொருளின் மேல் படும்படி திருப்புங்கள்.

வெளிச்சம் அழகுக்கு மட்டுமல்ல. கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் கொடுமையை மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கண்டது. என் பழைய படங்களை எடுத்து ஒப்பிட உட்கார்ந்தேன். பல படங்கள் உதவவில்லை. பவளம் வெளுத்திருக்கிறதா, நீல மூட்டத்தில் அப்படித் தெரிகிறதா என்று எடுத்த எனக்கே சொல்ல முடியவில்லை. நிற அட்டை ஒன்றை ஓரமாக வைத்து, விளக்கோடு எடுத்திருந்தால் அவை ஆவணமாகியிருக்கும். போன பவளம் திரும்பி வந்து போஸ் கொடுக்காது.

மூன்றாவது உறை, அதாவது ஹவுசிங். இங்கேதான் என் அடகுக் கதை. டிஜிட்டல் வந்த புதிதில் சொந்தமாக ஒரு கேமராவும் உறையும் வாங்க என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. மூன்றாவது முறை இறங்கியபோது உறைக்குள் ஒரு கரண்டித் தண்ணீர். மேலே வருவதற்குள் கேமரா செத்துவிட்டது. உறையில் குறை இல்லை. மூடியைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தில் துண்டின் நூல் ஒன்று, அரை அங்குலம்கூட இருக்காது, ஒட்டியிருந்தது. வளையலை மீட்க இரண்டு வருடமாயிற்று. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே ஒரு சடங்கு போலச் செய்யுங்கள். முதல் நாள் இரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஓ-ரிங்கைக் கூரான எதனாலும் நெம்பாமல் எடுத்து, விரலால் தடவிப் பாருங்கள். விரல்தான் கண்ணைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். உறை செய்தவர் சொன்ன கிரீஸை மட்டும், பளபளப்புத் தெரியும் அளவு தடவுங்கள். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் அல்ல, அழுந்தும் ரப்பர். அதிகம் அப்பினால் மணல்தான் ஒட்டும். புது உறையை முதன்முறை கேமரா இல்லாமல், உள்ளே காகிதக் கைக்குட்டை வைத்து மூழ்க விட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் ஒரு மீட்டரில் நின்று குமிழி வருகிறதா என்று பாருங்கள். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள். காய்ந்த பின்பே திறக்க வேண்டும்.

இனி கேமரா. ஒலிம்பஸ் டிஜி-6, பிறகு 2023-ல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 போன்றவை உறை இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். அவற்றுக்கான உறை போட்டால் 45 மீட்டர். லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டரில் உள்ள பூச்சியையும் தெளிவாகப் பிடிக்கும். தொடங்குபவருக்கு இந்த வகை போதும். லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவுக்கு அலுமினிய உறை வாங்கினால், உறையின் விலை கேமராவின் விலையைத் தாண்டிவிடும். அதோடு, உறை ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். அடுத்த மாடலில் பொத்தான் இடம் மாறினால் பழைய உறை வீண். எனவே பழையது வாங்கினாலும் கேமராவையும் உறையையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

லென்ஸில் இரண்டே வழி. சிறிய உயிர்களுக்கு மேக்ரோ; அதற்குத் தட்டைக் கண்ணாடி முகப்பு போதும். பாறை முழுதும் வேண்டுமானால் மிக அகலக் கோணம். அதற்கு அரைக்கோள முகப்பு, டோம் போர்ட், வேண்டும். தட்டைக் கண்ணாடி போட்டால் ஒளி விலகலில் கோணம் சுருங்கிவிடும். கலங்கலான நம் கடலுக்கு மேக்ரோவில் தொடங்குவதே நல்லது. ஒரு சாண் தண்ணீர் எப்படிப்பட்ட கலங்கலிலும் தெளிவாகவே இருக்கும்.

அந்தத் தம்பி இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். தம்பி, செயின் அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். என்னுடைய பழைய சிறிய கேமரா, உறை, ஒரு ஸ்ட்ரோப் மூன்றையும் விலங்கியல் துறைத் தலைவரிடம் இன்று காலை ஒப்படைத்துவிட்டேன். துறை மாணவர் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நிபந்தனை இரண்டு: மூழ்கப் பழகிய சான்றிதழ் காட்ட வேண்டும், எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கைத் துடைத்தேன் என்று நோட்டில் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்தில் என் நூல் கதையை எழுதி நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த கூடலுக்கு வரும்போது எனக்குப் படம் காட்டுங்கள். நிறம் சரியாக இருக்கட்டும், பாறையில் கால் படாமல் இருக்கட்டும்.