குடும்பத்தை உடைப்பது பெண்ணின் சம்பளமா?

கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களே!

"பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள், விவாகரத்து பெருகிவிட்டது." கல்யாணப் பந்தியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஓயாமல் கேட்கும் குற்றச்சாட்டு இது. இது அப்பட்டமான பழி!

விவாகரத்து ஐ.டி. கம்பெனிகளோடு வந்து இறங்கியதல்ல. மணவிலக்கு உரிமை வேண்டும் என்று 1929ஆம் ஆண்டே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1949இல் சென்னை மாகாணம் அதற்குச் சட்டமே இயற்றியது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழி 1976இல் அதில் சேர்ந்தது. சட்டம் இருந்தது, பஸ்ஸுக்குக் காசில்லாத பெண் வக்கீலுக்கு எங்கே போவாள்? அடியையும் வசவையும் வாங்கிக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தாள். அதைத்தான் 'குடும்ப ஒற்றுமை' என்று கொண்டாடினார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். நாட்டில் விவாகரத்து பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து பெறாமலே பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! தீர்ப்பும் இல்லாமல், ஜீவனாம்சமும் இல்லாமல் பிறந்த வீட்டு மூலையில் இருக்கும் பெண்களுக்காக எந்த மேடை கண்ணீர் விட்டது?

சண்டை எங்கே தொடங்குகிறது? இரவு ஏழு மணிக்கு ஒரு வீட்டை எட்டிப் பாருங்கள். இருவரும் வேலையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். அவள் தோள்பையைக் கூடக் கழற்றாமல் குக்கரை ஏற்றுகிறாள். ஒரு கையில் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டு. அவன் சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே, "காபி இல்லையா?" என்கிறான். வீட்டுக்கடன் தவணையில் பாதி அவள் சம்பளம். பாத்திரம் மட்டும் முழுக்க அவளுக்கு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்வதும் இதைத்தான்: சம்பளமில்லாமல் சொந்த வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்களோ 88 நிமிடம்.

மிச்சக் காரணங்களும் ஊரறிந்தவை. வரதட்சணையை 1961லேயே சட்டம் தடை செய்தது. "உங்க பொண்ணுக்குத்தானே செய்யறீங்க" என்ற பெயரில் அது இன்னும் வாங்கப்படுகிறது. குடி இன்னொன்று. 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. அதன் கணக்கைத் தீர்ப்பது மனைவியின் தாலியும் நகையும்.

ஆகவே பெற்றோர்களே, பெண்ணுக்குப் பொறுமையைப் போதித்தது போதும். பையனைப் பெற்றவர்கள் அவனைச் சோறு வடிக்கப் பழக்குங்கள். பெண் பார்க்கப் போகும்போது நகைக் கணக்கைக் கேட்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு நில்லாமல், அவன் குடிப்பானா, கை நீட்டுவானா, வீட்டு வேலையில் பங்கெடுப்பானா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அடிபட்டுத் திரும்பி வரும் மகளிடம் "அனுசரித்துப் போ" என்று சொல்லி மறுபடி பஸ் ஏற்றிவிடாதீர்கள்!