அட்டை வீட்டில், படம் வெளியில்



காஞ்சிபுரத்தில் தறி இருக்கும் வீட்டுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டை முழுக்க ஓட்டை. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்தால் அதற்குரிய பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. முந்தானை யாளியும் அன்னமும் இந்த ஓட்டைக் கணக்குதான். கம்ப்யூட்டர்காரர்கள் 'டேட்டா' என்று சொல்வதும் இதைத்தான்.

அந்த அட்டையை வெளியாளிடம் கொடுக்க எந்த நெசவாளருக்கும் மனம் வராது. ஆனால் சேலை தறியிலிருந்து இறங்கியதும் அதே வீட்டிலிருந்து படம் வாட்ஸாப்பில் பறக்கிறது. பறக்காமல் எப்படி விற்பது? காட்டினால்தானே வாங்குவார்கள். சிக்கல் என்னவென்றால், முந்தானை முழுக்கத் தெளிவாகத் தெரியும் படம் கிடைத்தால் கட்டம் போட்டு வரைந்து புது அட்டையே வெட்டிவிடலாம். விசைத்தறிக்காரருக்கு அது போதும். இப்போது படங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்ப் புது டிசைன் போடக் கற்கும் கணினிகளும் வந்துவிட்டன.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது காப்பது காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரை. பூவேலையைக் காப்பது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அதில் ஒரு கண்டிப்பு: பதிவுக்கு மனுப்போடும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்ட டிசைன் புதியதாகாது. அவசரப்பட்டு இன்ஸ்டாகிராமில் போட்டவர் தன் உரிமையைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

படத்தின் கீழே போன் நம்பரும் போடுகிறோம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட விவரத்துக்குப் பொருந்தாது. கடை நம்பர் தனி, வீட்டு நம்பர் தனி என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைலாசநாதர் கோயில் தூண் சிங்கத்தைச் சேலையில் நெய்தவர் எந்தச் சிற்பியிடம் கேட்டார்? கோயில் உருவம் எல்லோருக்கும் பொது. அதைக் கட்டத்தில் இறக்கி, இத்தனை இழைக்கு இத்தனை ஜரிகை என்று ராத்திரி கண்விழித்துப் போட்ட கணக்கு மட்டும் அந்த வீட்டுச் சொத்து.

அதனால் அடுத்த சேலை இறங்கும்போது முந்தானையை ஒரு மடிப்பு மடித்துப் படம் எடுங்கள். முழுசாகப் பார்க்க வேண்டும் என்பவர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.