இன்புளூயன்ஸா வந்த வீட்டில்

சொந்த ஊரில் ஒருவர் காய்ச்சலாகப் படுத்தால், கஞ்சி வைக்க ஒருவர், குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஒருவர், மருந்து வாங்கிவர ஒருவர் என்று ஆட்கள் இருப்பர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாகக் குடித்தனம் செய்யும் நமக்கு அந்த வசதி இல்லை. பணிவிடை செய்பவரும் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, நோயாளியைப் பேணுவது எவ்வளவு கடமையோ, பேணுபவர் தம்மைக் காத்துக்கொள்வதும் அவ்வளவு கடமையாகும். அதனைச் சுயநலம் என்று கருதலாகாது.

இன்புளூயன்ஸாவை வெறும் ஜலதோஷம் என்று எண்ணி அலட்சியம் செய்வோரும் உண்டு. 1918-ஆம் ஆண்டில் பம்பாய் வழியே பரவிய அந்நோய், இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது என்று மதிப்பிடுகின்றனர். 1957-இலும் 2009-இலும் புதிய வகைகள் தோன்றி உலகெங்கும் பரவின. பெருவாரி இல்லாத ஆண்டுகளிலும் இந்நோய் நம்மை விடுவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலும், பின்னர் மழைக்காலத்தை ஒட்டியும் நம் நாட்டில் அது மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்நோயின் கிருமி வைரஸ் இனத்தைச் சேர்ந்தது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளோடு அது காற்றில் கலக்கிறது. கதவின் கைப்பிடி, தம்ளர், கைபேசி முதலியவற்றில் படிந்து, அவற்றைத் தொட்ட கையின் வழியே நம் மூக்கையும் வாயையும் கண்ணையும் அடைவதும் உண்டு. காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, நோய் கண்டு ஐந்து முதல் ஏழு நாள் வரை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் அதிகமாகவும் தொற்றலாம்.

ஒரே அறையில் வாழ்பவர் என் செய்வது? ஜன்னலை ஒட்டி நோயாளியின் படுக்கையைப் போடுவோம். மற்றவர் இயன்ற அளவு விலகி, மறுகோடியில் படுக்கலாம். வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிக் கதவு ஜன்னல்களை இறுக அடைத்துவிடுவது நம்மவர் வழக்கம். நோயாளிக்கு நன்றாகப் போர்த்திவிட்டு, அவ்வப்போதாவது ஜன்னலைத் திறந்து வைப்பதே நலம். மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்தல் கூடவே கூடாது. அதன் நச்சுவாயு உயிருக்கே உலை வைக்கும்.

பணிவிடை செய்பவர் ஒருவராகவே இருப்பது நன்று. கர்ப்பிணிகளும் முதியோரும் ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உடையோரும் அப்பொறுப்பை ஏற்க வேண்டா. சிறு குழந்தைகளையும் அருகில் விடலாகாது. பேணுபவர், நோயாளி இருவருமே முகக்கவசம் அணிய வேண்டும். அருகிற்சென்று வந்த ஒவ்வொரு முறையும் சோப்பிட்டு இருபது விநாடியேனும் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறும் நீரில் விரல் நனைப்பது கை கழுவுதல் ஆகாது.

எச்சில் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் பழமையானது. தம்ளரில் வாய் வைக்காமல் தூக்கிக் குடிக்கக் கற்றுத் தந்தவர் நம் பாட்டிமார். அவ்வழக்கம் இங்கே நமக்குத் துணை செய்யும். ஆயினும், தம்ளரைப் பற்றிப் பார்த்த கண், எல்லோரும் முகம் துடைக்கும் ஒரே துண்டைப் பற்றிப் பார்ப்பதில்லை! நோயாளிக்கெனத் தனித் துண்டு இருக்கட்டும். அவர் உண்ட பாத்திரங்களைச் சோப்பிட்டுத் துலக்கினாற் போதும், எறிய வேண்டியதில்லை. அழுக்குத் துணிகளை மார்போடு அணைத்து எடுக்காமல், துவைத்து வெயிலில் உலர்த்துவோம்.

கஞ்சியும் மிளகு ரசமும் வெந்நீரும் உடலுக்கு இதம் தரும்; கிருமியை அவை கொல்லா. டாக்டரைக் கேளாமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்குவதும் பயனற்றது. வைரஸை அது தீண்டாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. வைரஸுக்கு எதிரான மருந்து, நோய் கண்ட இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். ஆகையால், முன்கூறிய கர்ப்பிணி, முதியோர் முதலியோருக்கோ சிறு குழந்தைக்கோ காய்ச்சல் கண்டால், நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுவோம். மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், அறிவு தடுமாற்றம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

“ஊருக்குப் போனால் சரியாகிவிடும்” என்று காய்ச்சலோடு ரயிலேறுவோரும் உண்டு. வழியெல்லாம் சக பிரயாணிகளுக்கும், இறங்கியதும் வயதான தாய் தந்தையருக்கும் நோயைக் கொடுப்பதே அதன் பயன். மாத்திரையின் உதவியின்றிக் காய்ச்சல் நீங்கி ஒரு முழு நாள் கழியும்வரை வீட்டிலேயே இருப்போம். அக்கம்பக்கத்துத் தமிழன்பர்கள் நலம் விசாரிக்க உள்ளே வர வேண்டா. ஒரு தூக்கு ரசத்தை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால், அதுவே பேருதவி.

ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி ஒன்று உண்டு. அது பயன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே, பருவம் வருமுன்னரே டாக்டரைக் கலந்து அதனைப் போட்டுக்கொள்வோம். உற்றார் தொலைவில் இருக்கும் நமக்கு, முன்யோசனையே முதல் உறவினர்.