தணலுக்குப் புகை இல்லை, ஆபத்து உண்டு

(மலைக் கிராமம் ஒன்றில் நடந்த மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் கேஸ் இருக்கிறவங்க கை தூக்குங்க என்றேன். எல்லாரும் தூக்கினீங்க. விறகு அடுப்பும் இருக்கிறவங்க தூக்குங்க என்றதும் அதே கைகள்தான் மறுபடி மேலே வந்தன. நம்ம வீடுகளின் நிலைமை அதுதான். சோறும் குழம்பும் கேஸில்; குளிக்க வெந்நீரும் விசேஷச் சமையலும் விறகில். குளிர்காலத்தில் கை காயவைப்பதும் அங்கேதான். அதனால் விறகு அடுப்பை விட்டுடுங்க என்று சொல்ல நான் வரவில்லை. பத்திரமா எரிக்கிறது எப்படி என்று பேசத்தான் வந்தேன்.

என் வேலையில் எத்தனையோ தீயைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னும் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு மார்கழி மாதக் காலை. ராத்திரி அடுப்பில் மிச்சமிருந்த தணலை இரும்புச் சட்டியில் அள்ளி, படுக்கிற அறைக்குள் வைத்திருக்கிறார்கள். குளிர் வராமல் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் திணித்திருக்கிறார்கள். விடிந்து நாங்க கதவை உடைத்தபோது சுவரில் ஒரு கரிக்கறைகூட இல்லை. இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினோம். பாட்டியைக் காப்பாற்ற முடியவில்லை.

"புகை அடங்கிடுச்சு, வெறும் தணல்தானே" என்று நினைத்ததுதான் தப்பு. காற்று போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. அடுப்பு எரியும் இடத்தில் ஒருவருக்கு மேல் தலைவலி என்றால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்க. பிறகு 108-க்கு அழையுங்க. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீங்க. இந்த வாயுவை அந்தக் கருவி பிரித்துச் சொல்லாது.

தணலைப் படுக்கை அறைக்குக் கொண்டுபோகவே கூடாது. கம்பளி போதவில்லை என்றால் இன்னொரு கம்பளி.

அடுத்தது விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதை எரித்தால் வீடு முழுக்கப் புகை. பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கத்தில் காற்று போக விடுங்க. இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கணும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம். அடுக்கிலிருந்து எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்க. தேளும் பாம்பும் அங்கேதான் படுக்கும்.

பற்றவைக்க தேங்காய் நாரோ சுள்ளியோ போதும். பால் கவர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றவே கூடாது. தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு கையிலுள்ள கேனுக்கே வந்துவிடும். நைலான் சேலை, பாலியஸ்டர் நைட்டி உருகித் தோலில் ஒட்டும். பருத்தித் துணி உடுத்தி, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்க. கேஸ் சிலிண்டரும் விறகு அடுப்பும் ஒரே அறையில் இருக்க வேண்டாம்.

சமையல் புகையை லேசா நினைக்காதீங்க. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதனால் புகைபோக்கி வைத்த அடுப்பு நல்லது. ஆனால் அதைச் சுத்தம் செய்யணும். குழாயில் படியும் கரியே ஒருநாள் தீப்பிடிக்கும். அடுப்பு ஆறியிருக்கும்போது செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்க. கரி தடிமனாகப் படிந்திருந்தால் நீளக் கம்பில் சாக்கைக் கட்டித் துடைத்து எடுங்க. தினமும் எரிப்பவர்கள் மாதம் ஒருமுறை பார்க்கலாம். புகை திரும்பி வீட்டுக்குள் வந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சாம்பலில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்துக் கிளறி, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்க. குப்பைத் தொட்டியிலோ வைக்கோல் பக்கத்திலோ கொட்டாதீங்க.

உடையில் தீப்பிடித்தால் ஓடாதீங்க; படுத்து உருளுங்க. தீப்புண்ணில் ஓடும் தண்ணீரை 20 நிமிஷம் விடுங்க. பேஸ்ட், மாவு, மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

கடைசியா ஒன்று. எல்லார் கையிலும் போன் இருக்கு. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இப்பவே சேமித்துக்கொள்ளுங்க. அழைக்கும்போது ஊர் பேரோடு கோயில், ரேஷன் கடை மாதிரி ஓர் அடையாளமும் சொல்லுங்க. மலைப் பாதையில் வண்டி வழி தேடும் பத்து நிமிஷம் ஓர் உயிரின் விலை.

இன்று ராத்திரி படுப்பதற்கு முன் அடுப்பங்கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. தணல் இருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து படுங்க.