மரம் கழிப்போம், உயிர் காப்போம்



சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் சாலையோர நிழல் மரங்களும் நிற்கின்றன. அந்நாட்டில் மரம் நடும் இயக்கம் 1963-இல் தொடங்கியது. நட்ட மரங்களின் கிளைகளைக் கழிப்பது அங்கே பயிற்சி பெற்றோர் செய்யும் தனித்தொழில். அதன் முறைகள் தோட்டத்தில் மரம் ஏறும் நமக்கும் வேண்டியவையே.

ஏறுமுன் மரத்தைச் சுற்றிப் பார்ப்போம். வேரடியில் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்திருக்கலாம். அருகில் மின்கம்பி சென்றால், மின்சாரத்தை நிறுத்தும்வரை ஏறக்கூடாது. காற்றும் மழையும் வந்தால் இறங்கிவிட வேண்டும். இடுப்பு வாரை மரத்தோடு பிணைத்த பிறகே வாளை எடுப்போம். கீழே ஒருவர் காவல் நிற்கட்டும். பிள்ளைகளை மரத்தடிக்கு விடாதிருப்போம்.

பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால் என்ன ஆகும்? பாதி அறுபடும்போதே பாரத்தால் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு, அறுப்பவர் மீதே வீசும். ஆகவே மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்பக்கம் கால்பங்கு அறுப்போம். அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, கிளையடியின் புடைப்பை விட்டு அறுப்போம். அந்தக் காயத்தை மரமே மூடிக்கொள்ளும். தார் பூசத் தேவையில்லை.

இதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். அந்த நிமிடங்களைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். வேலைக்குப் போனவர் முழுதாக வீடு திரும்புவதே நமக்கு முதல் கூலி.