சொன்ன சொல்லும் குழந்தையின் பொறுமையும்

காலை எட்டு மணி. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை என்று நம் பகுதியின் பல வீடுகளில் பாட்டி குழந்தையைப் பால்கனிக்குத் தூக்கிப் போய், காக்காயைக் காட்டிப் பராக்குக் காட்டுகிறார். அந்த இடைவெளியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியிறங்குகிறார். இரவில் சோறு இறங்கவில்லை என்றால் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம். அடம் பிடித்தால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாக வரும் இந்தப் பழக்கங்கள் அந்த நேரத்து அழுகையை நிறுத்துகின்றன, உண்மைதான். ஆனால் குழந்தை தன் மனத்தைத் தானே அடக்கிக்கொள்ளப் பழகுவதற்கு அவை தடையாக நிற்கின்றன என்பதே என் கருத்து. பெரியவர்கள் சொன்ன சொல் நிற்கும் வீட்டில்தான் குழந்தைக்குப் பொறுமை வளர்கிறது.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார். கண்ணை மூடிக்கொண்டும் பாட்டுப் பாடியும் கவனத்தைத் திருப்பிய குழந்தைகள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பொறுமை பிறவிக் குணம் என்று பலரும் இதற்குப் பொருள் சொன்னார்கள். ஆனால் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் என்பவரின் குழு 28 குழந்தைகளிடம் அதையே வேறு விதமாகச் செய்து பார்த்தது. முதலில் எல்லோரிடமும் நல்ல வண்ணப் பென்சில்களும் ஸ்டிக்கர்களும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதன்பிறகு மிட்டாய் வைத்தபோது, சொன்னது நடந்த குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்; ஏமாந்த குழந்தைகளால் மூன்று நிமிடம்தான் முடிந்தது. சில நிமிடப் பழக்கமே இவ்வளவு செய்யுமானால், வீட்டில் நாள்தோறும் கேட்கும் பேச்சு எவ்வளவு செய்யும்!

"நாங்களெல்லாம் பயந்து வளர்ந்தவர்கள்தானே, நன்றாக இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். பயம் கட்டுப்படுத்துவது எதிரில் ஆள் நிற்கும்வரைதான். ஆள் நகர்ந்தபின் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறனைத்தான் நாம் வளர்க்க வேண்டும். இல்லாத பூச்சாண்டியைக் காட்டும் வாய் உண்மையான ஆபத்தைச் சொன்னால், குழந்தை எதை வைத்து நம்பும்? "பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, பெருங்களத்தூரில் நெரிசல், சொன்ன நேரத்துக்கு எப்படி வீடு திரும்புவது?" என்ற கேள்வியும் நியாயமானது. வீட்டுச் சூழலின் பங்கை ஆய்வும் ஒப்புக்கொள்கிறது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் மிட்டாய்ச் சோதனையில் காத்திருந்த நேரத்துக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது. ஆகவே பழியைக் குழந்தை மேலும் போட முடியாது, ஓடி உழைக்கும் தாய் தகப்பன் மேலும் போட முடியாது. முடியாததைச் சொல்லாமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. "ஏழு மணிக்கு வந்துவிடுவேன்" என்பதைவிட, "நீ சாப்பிட்டு முடித்த பிறகு வருவேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்லவில்லை. கடையில் "இன்றைக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அழுததும் வாங்கிக் கொடுப்பதும் வாக்குத் தவறுவதுதான்.

பள்ளிகளில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டில் அந்தப் பொறுப்பு நம்முடையது. குழந்தை அழுதால் "சீ, அழாதே" என்று வாயடைக்காமல், "அம்மா போவது உனக்கு வருத்தமாக இருக்கிறது, இல்லையா?" என்று அதன் மனத்தில் இருப்பதைச் சொல்லிக் காட்டுங்கள். தனக்கு வந்திருப்பது கோபமா, பயமா, வருத்தமா என்று தெரிந்தால்தான் அதைத் தாங்கவும் பழக முடியும். நாளைக் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது குழந்தையின் எதிரில் நின்று "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் சில நாட்கள் அழும். அந்த அழுகைக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். சொன்னபடி நீங்கள் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அது காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.