தலைவருக்கு ஒரு பெயர்

அயர்லாந்துச் செய்திகளைத் தமிழாக்குவோர்க்கு இடர் தரும் சொல் ஒன்று உண்டு. அந்நாட்டு அரசின் தலைவரை அவர்கள் 'டீஷக்' என்பர். நாம் 'பிரதமர்' என்று எழுதுகிறோம். அது பிழையன்று; ஆயினும் அப்பெயரின் வரலாறு அதில் விடுபட்டுப் போகிறது.

பழைய ஐரிஷ் மொழியில் அச்சொல் முன்னின்று நடத்துபவனை, குலத்தலைவனைக் குறித்தது. 1922 முதல் 'நிர்வாகக் குழுவின் தலைவர்' என்றிருந்த பதவிக்கு, டி வலேரா காலத்தில் இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இப்பெயரைச் சூட்டியது. சட்டத்தின் ஆங்கில வாசகமும் இந்த ஐரிஷ் சொல்லையே ஆளுகிறது. அன்று அந்நாட்டில் பெரும்பாலோர் பேசியது ஆங்கிலமே. வீடுகளில் தேய்ந்துவந்த மொழிக்கு அரசின் உச்சியில் ஓர் இடம் தந்தனர்.

கோலார் தங்கவயலில் நம்மவர் வாழ்ந்த காலத்திலும் ஆட்சித் தலைவரின் பெயர் மாறிற்று. மைசூர் மைன்ஸில் உழைத்த நம் முன்னோர் அறிந்தது 'திவான்' என்னும் பாரசீகச் சொல். பதிவேடு, அலுவலகம் என்பன அதன் பழம்பொருள். திவானை நியமித்தவர் மகாராஜா. 1947 அக்டோபர் 25 அன்று, மக்கள் கிளர்ச்சியின் பயனாக, கே. சி. ரெட்டி மைசூரின் முதல் முதலமைச்சரானார். அவர் கோலார் மாவட்டத்துக் கியாசம்பள்ளியில் பிறந்தவர்.

அப்பதவியைக் கன்னடர் 'முக்யமந்திரி' என்பர். நாம் 'முதலமைச்சர்' என்கிறோம். மந்திரி என்பவர் ஆலோசனை கூறுபவர். 'அமைச்சு' என்பது திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். அமைச்சர் என்பதை 'அமாத்யர்' என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்வாரும் உளர்; உடனுறைபவர் என்பது அவ்வடசொல்லின் வேர்ப்பொருள். ஐரிஷ் சொல் முன்னே செல்பவரைச் சுட்ட, நம் சொற்களோ அரசனுக்கு அருகிருந்து அறிவுரை சொல்பவரைச் சுட்டுகின்றன.

இன்று அரசன் இல்லை. அவன் இடத்தில் இருப்பவர் குடிமக்கள். அவ்விடத்தில் தங்கவயல் தமிழர்க்கும் பங்கு உண்டு. 2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் லைன் வீடுகளில் வாழ்வோர் தம் மனுவை 'மான்ய முக்யமந்திரி' என்று கன்னடத்தில் தொடங்கினாலும், அவர்கள் அழைப்பது அயலாரை அன்று. தம் அருகிருந்து கேட்கக் கடமைப்பட்ட ஒருவரையே. பதவியின் பெயர் எம்மொழியினதாயினும், அதன் பொருளை நினைவூட்டும் உரிமை நமக்கும் உண்டு.